டீச்சரின் குரல் பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட காலை

வீட்டிலேயே பெட்டிகளை வைத்துக்கொண்டு இசை செய்யப் புறப்பட்டிருக்கும் தம்பி தங்கைகளே, நீங்கள் என்னைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "ஆன்ட்டி, எந்த மெஷின் வாங்கலாம்?" சத்தியமாக என்னிடம் அதற்குப் பதில் கிடையாது. கடையில் இருப்பதெல்லாம் நல்ல மெஷின்தான். மேசையில் இடம் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் மேசை மேல் கிடக்கும் துணியை முதலில் மடித்து வையுங்கள். வாங்கிய பிறகு ஒரு நாள் அது காலை வாரிவிடும் பாருங்கள், அந்த நாளைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: நான் விமலா. பாசிர் ரிஸ்ஸில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டின் சின்ன அறையில் உட்கார்ந்து நாட்டிய நிகழ்ச்சிகளுக்கும் மேடை நாடகங்களுக்கும் இசை செய்துகொண்டிருந்தவள். இப்போது வேலை எடுப்பதில்லை. கணினி வைத்துக்கொள்ளவில்லையா என்று கேட்பீர்கள். திரை எதிரே இருந்தால் நான் காதை விட்டுவிட்டுக் கண்ணால் இசை செய்ய ஆரம்பித்துவிடுவேன், அதனால் வேண்டாம் என்று விட்டேன். என்னிடம் இருந்தது ஒரு சாம்ப்ளர், ஒரு சீக்வென்சர், அவ்வளவுதான். சாம்ப்ளர் சத்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மேலே இருக்கும் ரப்பர் கட்டையைத் தட்டினால் திருப்பிக் கொடுக்கும். எந்தக் கட்டை எப்போது ஒலிக்க வேண்டும் என்பதை சீக்வென்சர் நினைவில் வைத்துக்கொள்ளும்.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு கதை புரியாமல் விழிக்காதீர்கள். என்னுடைய சாம்ப்ளர் பழசு. பிடித்த சத்தத்தை ஒரு கார்டில் சேமித்தால்தான் அது நிலைக்கும். சேமிக்காத சத்தம் மின்சாரம் இருக்கும் வரை பெட்டிக்குள் இருக்கும். சுவிட்சை அணைத்தால் போயே போச்சு.

ராஜேஸ்வரி டீச்சர் தேக்கா பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் நாட்டியம் சொல்லிக்கொடுப்பவர். கீழே புடவைக் கடை. டீச்சர் மேலே உட்கார்ந்து தாளத்தைத் தட்டிக்கொண்டு "தளாங்கு தோம்" என்று ஜதி சொன்னால், கீழே புடவை பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். அப்படி ஒரு குரல். மைக் கேட்காத குரல். ஆடுகிற பெண் தப்பு செய்தால் அந்தக் குரலே ஒரு சொல்லை அழுத்திச் சொல்லி அவளைப் பிடித்து நிறுத்திவிடும்.

அந்தக் குரலில்தான் கோளாறு வந்தது. தொண்டைக்குள் ஏதோ வளர்ந்திருக்கிறது, அறுவை சிகிச்சை செய்து எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். குரல் திரும்ப வரலாம், மெலிந்து வரலாம், வராமலும் போகலாம் என்றாராம் டாக்டர். சில மாதங்களில் ஷாமினியின் அரங்கேற்றம். டீச்சரிடம் பல்லு விழுந்த வயதிலிருந்து கற்றுக்கொண்டவள், இப்போது வேலைக்குப் போய்க்கொண்டே ஆடுகிறாள். அவளுடைய காலுக்குத் தெரிந்த ஜதியெல்லாம் டீச்சரின் குரலில்தான் தெரியும். இன்னொருவரை அழைத்துச் சொல்லச் சொன்னால் அவள் ஆடுவாள், ஆனால் அது வேறு ஆட்டமாக இருக்கும். அது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் மத்தியானம் டீச்சர் என் வீட்டுக்கு வந்தார்.

"விமலா, என் குரலப் பிடிச்சு உன் பெட்டிக்குள்ள போட்டு வை. திரும்பி வந்தா பாத்துக்கலாம். வரலன்னா ஷாமினிக்கு அது போதும்."

"அப்படியெல்லாம் பேசாதீங்க டீச்சர்."

"பேசறதுக்குத்தான வந்தேன். ஃபேன ஆஃப் பண்ணு."

ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, இருவரும் வேர்த்து வழிய உட்கார்ந்தோம். வெளியே மரத்தில் ஒரு குயில் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அது மூச்சு வாங்கும் நேரம் பார்த்து டீச்சர் சொல்லுவார், நான் பிடிப்பேன். முதலில் அரங்கேற்றத்துக்கு வேண்டிய முழு ஜதிகள். பிறகு ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக: தா, தை, தக, கிட, தோம். தனிச் சொற்கள் இருந்தால் சீக்வென்சரில் எந்த ஜதியையும் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. முடித்துவிட்டு டீச்சர் வெந்நீர் குடித்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "சரி, இனிமே அது உன் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இங்கேதான் நம் தொழில்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு ஒன்றைச் செய்தேன். பிடித்த சத்தத்தை உடனே சேமிக்க மாட்டோம். முன்னும் பின்னும் வெட்டி, சுத்தம் செய்து, பெயர் வைத்து, அழகாக்கிய பிறகுதான் சேமிப்போம். கீரையை ஆய்ந்த பிறகுதானே ஃபிரிட்ஜில் வைக்கிறோம், அந்தப் பழக்கம். நாளைக்குக் காலையில் தெளிவான காதோடு வெட்டலாம் என்று பெட்டியை அணைக்காமல் அப்படியே விட்டுவிட்டேன். ராத்திரி முழுவதும் பெட்டியை ஓடவிடுவது எங்கள் வீட்டில் சகஜம். சிரிக்காதீர்கள், நீங்களும் செய்கிறீர்கள்.

மறுநாள் விடியும்போதே டீச்சர் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார். என் கணவர் கீழே காப்பிக்கடைக்குப் போய்விட்டு, கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பியோடு வந்தார்.

"விமலா, இன்னைக்கு ப்ளாக் ஃபுல்லா கரண்ட் ஆஃப் பண்றாங்களாம். லிஃப்ட் கிட்ட நோட்டீஸ் ஒட்டியிருக்கு."

"எப்ப?"

"இன்னும் கொஞ்ச நேரத்துல. பத்து மணிக்கு."

"அய்யோ! அந்த நோட்டீஸ எப்ப ஒட்டினாங்க?"

"போன வாரமே ஒட்டியிருப்பாங்க போல. நீயும் தான் தினமும் லிஃப்ட்ல போற, வர்ற. நான் மட்டும்தான் படிக்கணுமா?"

சண்டை போட நேரமில்லை. அறைக்கு ஓடினேன். வெட்டுவதாவது, பெயர் வைப்பதாவது, அப்படியே சேமித்துவிடலாம் என்று பட்டனை அமுக்கினேன். 'கார்டு இல்லை' என்று வந்தது. கார்டு உள்ளேதான் இருக்கிறது! வெளியே எடுத்து, சட்டையில் துடைத்து, ஊதி, மறுபடி போட்டேன். 'கார்டு இல்லை.' வேறு கார்டு போட்டேன். அதற்கும் அதே பதில். கார்டு செருகும் வாய் கெட்டுப்போயிருந்தது. பல மாதமாகவே மக்கர் செய்துகொண்டிருந்ததுதான், இன்றைக்குப் பார்த்து முழுசாகப் படுத்துவிட்டது. கணினியோடு இணைத்து எடுக்கலாம் என்றால் அந்தக் காலத்துப் பெட்டியில் அதற்கு வழியே இல்லை.

என் பெட்டிகளைப் பழுது பார்க்கும் சீன அங்கிளுக்கு ஃபோன் போட்டேன். நல்ல மனிதர். நான் பேசி முடிப்பதற்குள், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு லா, கார்டு தெரிய ஆரம்பிச்சிடும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அவரிடம் நான் சொல்லவில்லையே. என் கை பெட்டியின் பின்னால் போய்விட்டது. நம் எல்லோருக்கும் அப்படித்தான், மெஷின் மக்கர் செய்தால் மூளைக்கு முன்னால் கை போகும். விரல் சுவிட்சைத் தொட்டும் விட்டது.

அதை அமுக்கினால் கார்டு தெரியும். ஆனால் அதில் சேமிக்க ஒன்றும் இருக்காது. சூடான அடுப்பைத் தொட்டவள் போலக் கையை இழுத்துக்கொண்டேன். அங்கிள் ஃபோனில் "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நெருக்கடியில் யாராவது ஒரு வழி சொன்னால், அந்த வழி எதைச் சரி செய்கிறது, எதை அழிக்கிறது என்று இரண்டையும் கேளுங்கள். அங்கிள் கார்டைச் சரி செய்ய வழி சொன்னார். எனக்குச் சரியாக வேண்டியது கார்டு இல்லை, குரல். அந்த வித்தியாசம் எனக்குப் புரிவதற்குள் வேர்வையில் சட்டை நனைந்துவிட்டது.

கணவரைக் கீழே அனுப்பினேன். கொஞ்ச நேரம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டு வரச் சொன்னேன். அவர் போன பிறகு அறையில் நான் தனியாக நின்றேன். ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்து டீச்சரிடம் சொல்லலாமா என்று தோன்றியது. சொல்லி? அறுவை சிகிச்சைக்குப் படுத்திருப்பவரிடம், உங்கள் குரலைத் தொலைக்கப் போகிறேன் என்றா? எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தக் குரல் போவதற்கு முன் ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று ஒரு கட்டையைத் தட்டினேன்.

"தளாங்கு தக திக தக ததிங்கிணதோம்" என்றார் டீச்சர், ஸ்பீக்கரில், கணீரென்று.

அடி முட்டாளே, என்று நான் வாய்விட்டே சொன்னேன். சத்தம் வெளியே வருகிறதே! கார்டுக்குப் போகும் வாசல்தான் அடைத்திருக்கிறது, ஸ்பீக்கருக்குப் போகும் வாசல் திறந்துதானே இருக்கிறது. அந்த வாசலில் இன்னொரு ரெக்கார்டரை வைத்துப் பிடித்துக்கொண்டால் முடிந்தது. மேசை டிராயரில் கையடக்க ரெக்கார்டர் ஒன்று கிடந்தது. பேட்டரியில் ஓடக்கூடியது. எடுத்துப் பார்த்தால் பேட்டரி செத்திருந்தது.

அதற்குள் கணவர் மூச்சு வாங்க வந்து நின்றார். "கேட்டுட்டேன். கரண்ட் ஆஃப் பண்ண வந்திருக்கிறது நம்ம ஊர்ப் பையன்தான், தஞ்சாவூர் பக்கமாம். பாவம், அவன் என்ன செய்வான், சொன்ன டைம்ல செய்யணும் லா. லிஃப்ட்ல யாரும் மாட்டிக்காம பாத்துட்டு ஆஃப் பண்றேன்னு சொன்னான். அவ்ளோதான் டைம்."

"ஏங்க, பேட்டரி! எங்கேயாவது பேட்டரி இருக்கா?"

மனிதர் ஹாலுக்குப் போய் டிவி ரிமோட்டைப் பிளந்து பேட்டரியைக் கொண்டுவந்து கையில் வைத்தார். வேறொரு நாளாக இருந்தால் ரிமோட் மேல் யாரையும் கை வைக்க விடமாட்டார்.

ஒயரை மாட்டினேன். இப்போது இன்னொரு குழப்பம். ஒவ்வொரு சத்தத்தையும் தட்டி, அது முழுதாக ஒலித்து முடியும் வரை காத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் நேரம் போதாது. எதை முதலில் எடுப்பது? தனிச் சொற்களை எடு என்றது தொழில் புத்தி. அதுதானே சாம்ப்ளர் வைத்திருப்பவர்களின் வேதம், செங்கல் இருந்தால் வீடு கட்டிக்கொள்ளலாம். 'தா' என்ற கட்டையின் மேல் விரலும் வைத்துவிட்டேன்.

பிறகு மாற்றிக்கொண்டேன். முழு ஜதிக்குள் தனிச் சொற்களும் இருக்கின்றன, பின்னால் வெட்டி எடுத்துக்கொள்ளலாம். தனிச் சொற்களை எத்தனை சேர்த்தாலும், 'ததிங்கிணதோம்' சொல்வதற்கு முன் டீச்சர் சட்டென்று ஒரு மூச்சு இழுப்பாரே, அது வராது. ஷாமினி அந்த மூச்சைக் கேட்டுத்தான் காலைத் தூக்குவாள். அதனால் முழு ஜதிகளை முதலில் தட்டினேன். ஒன்று முடிந்ததும் அடுத்தது. அவசரப்பட்டு ஒன்றின் வாலை வெட்டிவிடக் கூடாது என்று கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு பொறுமையாக நான் இருந்ததில்லை. கணவர் வாசலில் நின்று லிஃப்ட் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தார்.

முழு ஜதிகள் முடிந்தன. தனிச் சொற்களில் கொஞ்சம் போய்க்கொண்டிருக்கும்போது "லிஃப்ட் நின்னுடுச்சு" என்றார் கணவர். ஃபேன் மெதுவானது. பெட்டியின் விளக்கு அணைந்தது. மேசை மேல் ரெக்கார்டரின் சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

ஹெட்ஃபோனைப் போட்டுக் கேட்டேன். முதல் ஜதி இருந்தது. இரண்டாவது இருந்தது. குயில் கூட இருந்தது. கடைசியில் ஒரே ஒரு 'தோம்' மட்டும் பாதியில் அறுந்திருந்தது. தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன, போச்சா?" என்று கேட்டார் அவர்.

"இல்லங்க. இருக்கு."

"அப்புறம் ஏன் அழற?"

"இருக்குன்னுதான்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஆறிப்போன கோப்பியை எனக்குக் கொடுத்தார். அந்தப் புழுக்கத்தில் அதைவிட நல்ல கோப்பியை நான் குடித்ததில்லை. அன்று சாயங்காலமே அந்தக் குரலை வேறு வேறு இடங்களில் நகல் எடுத்து வைத்தேன். ஒன்று என் தங்கை வீட்டு அலமாரியில் கூட இருந்தது. அவள் எதற்கு என்று கேட்டாள், கேட்காதே என்றேன்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் பல வாரம் டீச்சர் வாயைத் திறக்கக் கூடாது என்று கட்டளை. கிசுகிசுக்கக் கூடாது என்றுகூடச் சொல்லியிருந்தார்கள். ஃபோனில் தட்டித் தட்டி எங்களைத் திட்டினார். பிறகு ஒரு நாள் குரல் வந்தது. தடித்து, கரகரத்து, பழைய குரலுக்கு அக்கா மாதிரி இருந்தது. நீண்ட ஜதி சொன்னால் நடுவில் எங்கே உடையும் என்று அவருக்கே தெரியாது.

தேக்கா மாடியில் ஒத்திகை வைத்தோம். அங்கிள் கார்டு வாயைச் சரி செய்து கொடுத்த பெட்டிக்குள் திரும்ப ஏற்றிய பழைய குரலை நான் ஒலிக்கவிட, ஷாமினி ஆடினாள். ஒரு தப்பு இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. டீச்சர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கு விமலா. ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இது அவளப் பாக்கவே மாட்டேங்குதே."

"யாரு டீச்சர்?"

"இந்தக் குரல்தான். அவ இன்னைக்குக் கொஞ்சம் களைப்பா இருக்கா. நானா இருந்தா ஒரு துளி நிதானிச்சிருப்பேன். நானே சொல்றேன். நீ பெட்டிய வச்சுக்கிட்டுப் பக்கத்துல உக்காரு. என்னால முடியலன்னா உன்னப் பாப்பேன். நீ எடுத்துக்கோ."

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபம் வந்தது. அந்தக் காலை பட்ட பாடு எனக்குத்தானே தெரியும்! ரிமோட்டிலிருந்து பேட்டரியைப் பிடுங்கி உயிர் கொடுத்து வைத்திருக்கிறேன், இப்போது ஓரமாக உட்கார் என்கிறாரே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். ஷாமினி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "விடுங்க ஆன்ட்டி, டீச்சர் முடிவு பண்ணிட்டாங்க லா."

அரங்கேற்றத்தன்று மிருதங்கக்காரருக்குப் பக்கத்தில் என் பெட்டி. ஒவ்வொரு ஜதி தொடங்கும்போதும் அதே ஜதியை மனதுக்குள் ஓடவிட்டு, எந்த இடத்தில் குரல் நின்றாலும் அங்கிருந்து எடுக்கத் தோதாக விரலைக் கட்டையின் மேல் வைத்திருந்தேன். அதற்காக ஜதிகளைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருந்தேன். டீச்சரின் கரகரத்த குரல் போகப் போகச் சூடு பிடித்தது.

வர்ணத்தின் கடைசி ஜதியில் அது உடைந்தது. ஒரு சொல்லின் நடுவில் காற்று மட்டும் வந்தது, பிறகு அதுவும் இல்லை. என் விரலுக்குக் கீழே சரியான துண்டு இருந்தது. அமுக்கினால் போதும், பழைய கணீர்க் குரல் மண்டபத்தை நிறைத்துவிடும். நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கை தாளத்தை நிற்காமல் தட்டிக்கொண்டிருந்தது, கண் ஷாமினியின் மேல் இருந்தது. ஷாமினியின் கால் அந்த ஜதியை ஒரு சொல் விடாமல் தரையில் சொல்லிக்கொண்டிருந்தது. மிருதங்கக்காரர் சத்தத்தைக் குறைத்து அவள் காலுக்கு வழி விட்டார். பார்க்கவில்லையே, பார்த்தால்தானே நான் எடுக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விரலைப் பிடித்து வைத்திருந்தேன். டீச்சர் எச்சில் விழுங்கினார். மூச்சை இழுத்தார். "ததிங்கிணதோம்" என்று கரகரவென்று வந்து விழுந்தது, ஷாமினியின் கால் அதே இடத்தில் இறங்கியது.

கூட்டம் எழுந்து கை தட்டியது. குரலை நிறுத்திக் கால் சத்தத்தை மட்டும் கேட்கவிட்டது முன்னாலேயே யோசித்த அழகு என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். நான் விரலைக் கட்டையிலிருந்து எடுத்து, வேர்வையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன். அப்பாடா என்று வந்த பெருமூச்சு மைக்கில் விழுந்திருக்கும்.

எல்லாம் முடிந்து, மாலையும் பூவுமாகக் கூட்டம் ஷாமினியைச் சூழ்ந்துகொண்டபோது டீச்சர் என்னிடம் வந்தார்.

"ஏன் அமுக்கல?"

"நீங்க என்னப் பாக்கலையே டீச்சர்."

"பாத்திருந்தா?"

"உடனே எடுத்திருப்பேன். கைல வச்சுக்கிட்டுத்தான உக்காந்திருந்தேன்."

"தெரியும்" என்றார் அவர், அந்தப் புதுக் குரலில், என் கையைப் பிடித்துக்கொண்டு. "அந்தத் தைரியத்துலதான் உன்னப் பாக்கல."